செவிலியர் ஆய்வுகளை வாசிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வார்டில் வேலை பார்த்த காலத்தில், விடியற்காலை 5 மணிக்குச் சார்ட் எழுத உட்காருவோம். காய்ச்சலுக்கு வெப்பமானி இருந்தது, ரத்த அழுத்தத்துக்குக் கருவி இருந்தது. நாடித்துடிப்பும் அந்தக் கருவியிலேயே தெரிந்துவிடும். சுவாசத்தை எண்ணத்தான் கருவி கிடையாது. நோயாளியின் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்தபடி ஒரு முழு நிமிடம் நிற்க வேண்டும். 30 பேருக்கு 30 நிமிடம். அந்த அரை மணி நேரம் எங்களுக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை. அதனால் ஒருவருக்கு 20 என்று எழுதினோம், அடுத்தவருக்கு 18, அதற்கடுத்தவருக்கு மறுபடியும் 20. யாரும் கேள்வி கேட்கவில்லை.

இப்போது செவிலியர் மாணவர்களுக்கு ஆய்வுக் கட்டுரைகளை வாசிக்கக் கற்றுக்கொடுக்கிறேன். வகுப்பில் நான் முதலில் சொல்வது அந்த 20-ன் கதையைத்தான். நாங்கள் எழுதியதைப் போன்ற சார்ட்டுகளிலிருந்துதான் பல ஆய்வுகளுக்குத் தரவு எடுக்கிறார்கள்.

எழுதியிருப்பதை நடந்ததாக எடுத்துக்கொள்வது

இங்கிலாந்தின் ராயல் மருத்துவர் கல்லூரி 2012-ல் கொண்டுவந்து, 2017-ல் திருத்திய முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறை இன்று பல நாடுகளில் புழக்கத்தில் இருக்கிறது. நோயாளியின் நிலை மோசமாவதை முன்கூட்டியே கண்டுபிடிக்க, ஒவ்வொரு அளவீட்டுக்கும் மதிப்பெண் போடும் முறை அது; மதிப்பெண் கூடினால் ஆபத்தும் கூடுதல். அதில் சுவாசம் நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இருந்தால் மதிப்பெண் பூஜ்யம். 21 முதல் 24 வரை 2. அது 25-ஐத் தொட்டுவிட்டால் 3. ஒரே அளவீட்டில் 3 வந்தாலே மருத்துவர் உடனே வந்து பார்க்க வேண்டும் என்பது அந்த முறையின் விதி.

இப்போது ஒரு நோயாளியை நினைத்துப் பாருங்கள். நுரையீரல் தொற்று தொடங்கியிருக்கிறது, நிமிடத்துக்கு 26 முறை மூச்சு வாங்குகிறார். சார்ட்டில் பழக்கத்தில் 20 என்று விழுந்திருக்கிறது. மதிப்பெண் பூஜ்யம். மருத்துவர் வரவில்லை. சில மணி நேரம் கழித்து அவர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போகிறார். ஓராண்டு கழித்து அந்தச் சார்ட்டைப் புரட்டும் ஆய்வாளருக்கு, இயல்பான சுவாசத்தோடு இருந்தவர் திடீரென்று மோசமானதாகத்தான் தெரியும். திடீரென்று எதுவும் நடக்கவில்லை, யாரும் எண்ணவில்லை.

ஆகவே, பதிவேடுகளை வைத்துச் செய்த ஆய்வை வாசிக்கும்போது அந்த அளவீட்டை யார் எடுத்தார், எந்த நேரத்தில் எடுத்தார், அதற்கு அவருக்கு எவ்வளவு நேரம் இருந்தது என்று தேடிப் பாருங்கள். கட்டுரையில் பதில் இல்லையென்றால் முடிவை அந்த அளவுக்கே நம்புங்கள். சொந்த வார்டில் இதைச் சோதிப்பது எளிது. ஒரு வாரச் சார்ட்டை விரித்து சுவாச வரிசையை மட்டும் மேலிருந்து கீழாகப் பாருங்கள். ஒற்றைப்படை எண் ஒன்றுகூட இல்லையென்றால் அங்கே முழு நிமிடம் எண்ணுவதில்லை. 15 வினாடி எண்ணி 4-ஆல் பெருக்கினாலும், 30 வினாடி எண்ணி இரட்டிப்பாக்கினாலும் இரட்டைப்படைதான் வரும்.

சராசரியை வைத்து வார்டை அளப்பது

ஒரு செவிலியருக்கு எத்தனை நோயாளிகள் என்று கேட்டால், பல நிர்வாகங்கள் சம்பளப் பட்டியலில் உள்ள செவிலியர் எண்ணிக்கையைக் கொண்டு படுக்கைகளை வகுத்துச் சொல்கின்றன. அந்தக் கணக்கில் விடுப்பில் இருப்பவரும், பயிற்சிக்குப் போனவரும், அலுவலகக் கோப்புகளோடு உட்கார்ந்திருப்பவரும் சேர்ந்துவிடுகிறார்கள். இரவு 2 மணிக்கு வார்டில் உண்மையில் நிற்பவர் எத்தனை பேர் என்பது வேறு கணக்கு.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை 2011-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த நீடில்மேன் குழுவின் ஆய்வு காட்டியது. ஓர் அமெரிக்க மருத்துவமனையின் 43 பிரிவுகளில் 1,76,696 ஷிப்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்கள். மொத்தத்தில் செவிலியர் போதுமான அளவு இருந்த மருத்துவமனைதான் அது. ஆனாலும் செவிலியர் நேரம் அந்தப் பிரிவுக்கு வகுத்த இலக்கைவிட 8 மணி நேரமோ அதற்கு மேலோ குறைந்த ஷிப்ட் ஒவ்வொன்றுக்கும் நோயாளியின் இறப்பு அபாயம் 2% கூடியது. சேர்க்கை, டிஸ்சார்ஜ், இடமாற்றம் என்று பரபரப்பாக இருந்த ஷிப்டுகளில் அது 4%.

இந்த இரண்டாவது எண்ணைத்தான் பெரும்பாலானோர் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஒரே நாளில் 6 பேர் வீட்டுக்குப் போய் 6 பேர் புதிதாகச் சேர்ந்தால், நள்ளிரவுக் கணக்கெடுப்பில் எண்ணிக்கை மாறியிருக்காது. செவிலியருக்கோ 6 டிஸ்சார்ஜ் விளக்கங்கள், 6 படுக்கை மாற்றங்கள், 6 புதிய சார்ட்டுகள், 6 புதிய உறவினர் கூட்டங்கள். படுக்கைகளை மட்டும் எண்ணுகிறவருக்கு இந்த வேலை கண்ணில் படாது.

7 சதவீதத்தைத் தவறாகச் சொல்வது

செவிலியர் எண்ணிக்கை பற்றிய எந்த மேடையிலும் 7% என்ற எண் வரும். லிண்டா எய்க்கன் குழு 2002-ல் ஜாமா என்ற மருத்துவ இதழில் வெளியிட்ட, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில ஆய்விலிருந்து வந்தது அது. 168 மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை பெற்ற 2,32,342 நோயாளிகளைக் கணக்கில் எடுத்தார்கள். செவிலியருக்கு ஒரு நோயாளி கூடும்போது, 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7% கூடியிருந்தது. பிறகு 9 ஐரோப்பிய நாடுகளில் 300 மருத்துவமனைகளில் செய்து 2014-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்விலும் அதே 7% கிடைத்தது.

"ஒரு நோயாளி கூடினால் நூறில் 7 பேர் கூடுதலாக இறப்பார்கள்" என்று ஒரு கருத்தரங்கில் ஒருவர் சொல்லக் கேட்டு எனக்குப் பதைத்தது. அப்படி இல்லை. அந்தப் பென்சில்வேனியா நோயாளிகளில் இறந்தவர்கள் சுமார் 2%, அதாவது ஆயிரத்துக்கு 20 பேர். அது 7% கூடினால் ஆயிரத்துக்கு 21-க்குச் சற்று மேல். இவ்வளவுதானா என்று சொல்லி உதறிவிடுவதும் இதே போன்ற தவறுதான். செவிலியருக்கு 4 நோயாளிகள் உள்ள மருத்துவமனையையும் 8 பேர் உள்ள மருத்துவமனையையும் ஒப்பிட்டால் வேறுபாடு 31% வரை போகிறது. ஆயிரத்துக்கு 20 பேர் இறந்த இடத்தில் ஏறக்குறைய 26 பேர். அந்த 6 பேருக்கும் வீட்டில் யாரோ காத்திருந்தார்கள்.

இந்த இரண்டு ஆய்வுகளும் மருத்துவமனைகளை ஒரு காலகட்டத்தில் வைத்து ஒப்பிட்டவை. செவிலியர் அதிகம் உள்ள மருத்துவமனையில் வேறு வசதிகளும் அதிகம் இருக்கலாம் அல்லவா என்று கேட்பவரிடம் நியாயம் இருக்கிறது. அவருக்குக் காட்ட வேண்டியது ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து அனுபவம். அங்கே 2016-ல் பகலில் 4 நோயாளிகளுக்கு ஒருவர், இரவில் 7 பேருக்கு ஒருவர் என்ற குறைந்தபட்ச விகிதம் 27 மருத்துவமனைகளில் நடைமுறைக்கு வந்தது. விதி பொருந்தாத 28 மருத்துவமனைகளோடு, முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு 2021-ல் லான்செட்டில் வந்தது. செவிலியர் எண்ணிக்கை உயர்ந்த இடங்களில் இறப்பும், மறுபடி சேர்க்கப்படுவதும், படுக்கை நாட்களும் குறைந்தன. இப்படி மிச்சமான செலவு, கூடுதல் செவிலியருக்கான செலவைப் போல இரு மடங்குக்கும் மேல் என்று கணக்கிட்டார்கள். வாதாட வேண்டியிருந்தால் 2002-ன் எண்ணோடு நிற்காமல் இதையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

முடிவில் பாதியை மட்டும் எடுத்துக்கொள்வது

வார்டில் எனக்கு அதிகம் கவலை தரும் தவறு இது. மருந்து ஏற்றக் கையின் சிரையில் போட்ட சிறு குழாயை, அதாவது கேனுலாவை, 3 நாளுக்கு ஒருமுறை கட்டாயம் மாற்ற வேண்டும் என்று நாங்கள் படித்தோம். 2012-ல் லான்செட்டில் வந்த கிளேர் ரிக்கார்டு குழுவின் ஆய்வு 3,283 நோயாளிகளை இரு குழுக்களாகப் பிரித்தது. ஒரு குழுவுக்கு மூன்றாம் நாள் மாற்றினார்கள், மற்றதில் தேவை ஏற்பட்டால் மட்டும் மாற்றினார்கள். சிரை அழற்சி இரண்டிலும் 7%தான். நோயாளிக்கு ஒரு குத்து மிச்சம், செவிலியருக்கு நேரம் மிச்சம். நல்ல செய்தி.

இந்தச் செய்தி வார்டுக்கு வந்து சேர்வதற்குள் "கேனுலாவை மாற்ற வேண்டாமாம்" என்று சுருங்கிவிடுகிறது. தேவை ஏற்பட்டால் மாற்றுவது என்றால், தேவை ஏற்பட்டதா என்று ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு ஷிப்டிலும் பிளாஸ்டருக்கு மேலே சிவந்திருக்கிறதா, தொட்டால் வலிக்கிறதா, வீங்கியிருக்கிறதா, மருந்து தடையில்லாமல் இறங்குகிறதா, இந்தக் கேனுலா இன்னும் தேவைதானா என்று பார்க்க வேண்டும். இந்தப் பார்வையை விட்டுவிட்டு மாற்றுவதை மட்டும் நிறுத்தினால், ஆய்வில் இல்லாத மூன்றாவது முறை ஒன்றைக் கையாள்கிறோம். நான்கு நாள் ஆன கேனுலாவோடு, முழங்கை வரை சிவந்த கையை நீட்டிய ஒரு மூதாட்டியை நான் பார்த்திருக்கிறேன். ஆய்வே சொல்லியிருக்கிறது என்றுதான் அந்த வார்டில் பதில் வந்தது.

படுக்கைப் புண் விஷயமும் இப்படித்தான். 2, 3, 4 மணி நேர இடைவெளிகளில் திருப்பிப் படுக்க வைத்தவர்களுக்குள் புண் வருவதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று 2013-ல் ஒரு பரிசோதனை காட்டியது. அது முதியோர் பராமரிப்பு இல்லங்களில், எல்லோருக்கும் அடர்த்தியான நுரை மெத்தை போட்டுச் செய்தது. மெல்லிய மெத்தை உள்ள வார்டில் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பினால் போதும் என்று அதைக் காட்டிச் சொல்ல முடியாது. மெத்தையும் சேர்ந்ததுதான் அந்த முடிவு.

விடுபட்ட பணியைச் சோம்பல் என்று பெயரிடுவது

இங்கிலாந்தின் 46 மருத்துவமனைகளில் 2,917 செவிலியரிடம், கடைசி ஷிப்டில் நேரமின்மையால் எதை விட்டுவிட்டீர்கள் என்று கேட்டார்கள். 2014-ல் வந்த அந்த ஆய்வில் 86% பேர் குறைந்தது ஒரு பணியையாவது விட்டதாகச் சொன்னார்கள். நோயாளியோடு பேசுவது, ஆறுதல் சொல்வது 66% பேரிடம் விடுபட்டிருந்தது. நோயாளிக்கு விளக்கிச் சொல்வது 52%. வலி நிவாரணமும் சிகிச்சைகளும் மிகக் குறைவாகவே விடுபட்டிருந்தன. எதை விட்டால் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தவர்கள், தெரிந்தே செய்த தேர்வு அது. செவிலியர் எண்ணிக்கை நன்றாக இருந்த வார்டுகளில் விடுபடுவதும் குறைவாகவே இருந்தது. இதைப் படித்துவிட்டு "கனிவோடு பேசுவது எப்படி" என்று பயிற்சி நடத்துபவர்கள் இருக்கிறார்கள். பேசத் தெரியாமல் யாரும் பேசாமல் போகவில்லை.

மருந்துப் பிழைக்கும் இது பொருந்தும். சிட்னியின் 2 மருத்துவமனைகளில் 98 செவிலியர் மருந்து கொடுத்த 4,271 தடவைகளைப் பக்கத்திலிருந்து கவனித்தார்கள். பாதிக்கும் மேற்பட்ட தடவைகளில் யாரோ இடையில் குறுக்கிட்டிருந்தார்கள். ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும் பிழை சுமார் 12% கூடியது. பிழை செய்தவருக்கு மெமோ கொடுப்பதற்கு முன், அந்த நேரத்தில் அவரை எத்தனை பேர் கூப்பிட்டார்கள் என்று விசாரிப்பது நியாயம்.

பலன் இல்லை என்ற முடிவை ஒதுக்குவது

நோயாளி விழுவதைத் தடுக்க எச்சரிக்கைப் பலகை, தாழ்வான படுக்கை, அலாரம் முதலியவற்றைச் சேர்த்து ஆஸ்திரேலியாவின் 24 வார்டுகளில் பெரிய பரிசோதனை ஒன்று நடந்தது; அதன் முடிவு 2016-ல் வெளியானது. விழுவது குறையவில்லை. இதை மேடைகளில் யாரும் மேற்கோள் காட்டி நான் கேட்டதில்லை. ஆனால் செவிலியரின் நேரத்தை எதில் செலவிடக் கூடாது என்று சொல்லும் ஆய்வுக்கும் அதே மதிப்பு உண்டு.

தலைகளை மட்டும் எண்ணுவது

உலக சுகாதார நிறுவனத்தின் 2025 அறிக்கைப்படி, 2023-ல் உலகில் 2 கோடியே 98 லட்சம் செவிலியர் இருந்தார்கள், பற்றாக்குறை 58 லட்சம். உலக மக்களில் பாதிக்கும் சற்றுக் குறைவானோர் வாழும் நாடுகளில் 78% செவிலியர் இருக்கிறார்கள். மொத்த எண் உயர்கிறது என்று ஆறுதல் அடைவதற்கு முன் இந்தப் பங்கீட்டைப் பார்க்க வேண்டும்.

இருப்பவர்கள் ஏன் போகிறார்கள் என்பதும் தெரியாத விஷயம் இல்லை. பென்சில்வேனியா ஆய்விலேயே, நோயாளி ஒருவர் கூடும்போது பணிச்சோர்வுக்கான வாய்ப்பு 23%, வேலையில் அதிருப்திக்கான வாய்ப்பு 15% கூடியது. அப்படியிருந்தும், சோர்வுக்கு மருந்தாக மன உறுதி வகுப்புகளை வைக்கிறார்கள். அப்படி ஒரு வகுப்பை எடுக்க என்னை ஒருமுறை அழைத்தார்கள். வந்திருந்தவர்களில் பலர் இரவுப் பணி முடித்து, முகம் கழுவிக்கொண்டு நேராக வந்தவர்கள். நான் தயாரித்துப் போன படங்களைப் போடவில்லை. முந்தைய இரவு உங்களிடம் எத்தனை நோயாளிகள் இருந்தார்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு, கரும்பலகையில் எழுதி, அதை அப்படியே நிர்வாகத்துக்கு அனுப்பிவிட்டு, அவர்களை வீட்டுக்குத் தூங்க அனுப்பினேன்.