அக்டோபருக்கு முன்பே தயாராகும் கிறிஸ்மஸ்: முதன்முறையாகத் திட்டமிடுவோருக்கான செய்முறை

சென்னையில் வேலை பார்த்துக்கொண்டு, கிறிஸ்மஸுக்குப் பாளையங்கோட்டைக்குப் போய்த் திரும்பும் குடும்பம் எங்களுடையது. திருமணமான முதல் சில ஆண்டுகளில், ஜனவரி பிறக்கும்போது எங்களிடம் எஞ்சியிருந்தது கடன் அட்டைப் பாக்கி மட்டுமே. பல கடன் அட்டைகளில் பாக்கிக்கு மாதம் 3 சதவீதத்துக்கும் மேல் வட்டி உண்டு என்பதால், பொங்கல் செலவும் சேர்ந்துகொள்ள, பிப்ரவரி வரை கட்டிக்கொண்டே இருப்போம். ஒரு வருடம் எல்லாச் செலவையும் தேதியுடன் எழுதிப் பார்த்தபோது, பாதிக்கும் மேற்பட்ட பணம் டிசம்பர் 15க்கும் 24க்கும் இடைப்பட்ட பத்து நாட்களில் போயிருந்தது தெரிந்தது. அவற்றில் அநேகமாக எல்லாவற்றையும் முன்கூட்டியே, குறைந்த விலைக்கு வாங்கியிருக்க முடியும். பிறருக்குக் கொடுப்பதைக் குறைக்காமல், வாங்கும் நாட்களை முன்னே நகர்த்தியே நாங்கள் சேமிக்கத் தொடங்கினோம். அந்த வழியைப் படிப்படியாகக் கீழே எழுதியிருக்கிறேன்.

படி 1: சென்ற கிறிஸ்மஸின் கணக்கை எழுதுங்கள்

ஒரு நோட்டில் பொருள், தொகை, வாங்கிய தேதி என்று மூன்று பத்திகள் போட்டுக்கொள்ளுங்கள். நினைவில் இல்லாதவற்றைக் கைபேசியிலுள்ள பணப் பரிமாற்றப் பட்டியலிலிருந்து எடுக்கலாம். துணியும் கேக்கும் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். கேரல் பாட வருபவர்களுக்குக் கொடுக்கும் காணிக்கை, அவர்களுக்கான தேநீர், பலகாரம் அனுப்புகிற டப்பாக்கள், வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கான புடவை, டிசம்பர் 31 இரவு ஆராதனைக்குப் போய்வரும் ஆட்டோச் செலவு ஆகியவைதான் விட்டுப்போகும். எழுதி முடித்ததும், பிறருக்குக் கொடுக்கிற ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு சிலுவைக்குறி இடுங்கள். அந்த வரிகளில் கைவைப்பதில்லை என்பதை முதலிலேயே முடிவு செய்துகொண்டால், மற்ற வரிகளைக் கண்டிப்புடன் பார்க்க மனம் இடம் கொடுக்கும்.

படி 2: அந்தத் தொகையை மாதத் தவணையாக்குங்கள்

இதற்கு ஏற்றது வங்கியின் தொடர் வைப்புக் கணக்கு. மாதம் 1,500 ரூபாய் வீதம் ஜனவரியிலிருந்து 9 மாதம் கட்டினால் 13,500 ரூபாய் சேரும். ஆண்டு வட்டி 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஏறத்தாழ 340 ரூபாய் வட்டியும் வரும். வட்டி சிறியதுதான். ஆனால் அக்டோபரில், பயணச்சீட்டு எடுக்க வேண்டிய வேளையில், பணம் கைக்கு வந்துவிடுகிறது என்பதே இதன் பெரிய பயன். சில வங்கிகளில் குறைந்தபட்சக் காலம் 12 மாதம் என்பதால், அங்கே கணக்கு வைத்திருப்பவர்கள் முந்தைய அக்டோபரிலேயே தொடங்க வேண்டும். அஞ்சலகத்தின் தொடர் வைப்பு பாதுகாப்பானது, மாதம் 100 ரூபாயிலிருந்தும் கட்டலாம். ஆனாலும் அது 5 ஆண்டுத் திட்டம் என்பதால் இந்தத் தேவைக்குப் பொருந்தாது.

தெரிந்தவர் நடத்துகிறார் என்பதற்காகப் பண்டிகைச் சீட்டில் சேராதீர்கள் என்று இங்கே அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். எங்கள் உறவினர் ஒருவர் பதினோரு மாதம் கட்டி, டிசம்பரில் சீட்டு நடத்தியவரின் பூட்டிய வீட்டு வாசலில் நின்றார். அந்த வருடம் அவருடைய பிள்ளைகளுக்குப் புதுத்துணி கிடையாது. சீட்டு நடத்துவோர் 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டத்தின்படி பதிவு செய்திருக்க வேண்டும். பதிவெண்ணைக் கேட்டால் முகம் சுளிக்கிறவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.

படி 3: பயணச்சீட்டை 60 நாள் முன்பே எடுங்கள்

ஊருக்குப் போகிறவர்களுக்கு மிக அதிகமாகச் சேமித்துத் தரும் படி இதுதான். 2024 நவம்பர் 1 முதல் ரயில் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டது. பயண நாள் இந்தக் கணக்கில் சேராது. ஆகவே டிசம்பர் 23 அன்று புறப்பட, அக்டோபர் 24 காலை 8 மணிக்கு முன்பதிவு தொடங்கும். ஜனவரி 1 அன்று திரும்புவதற்கு நவம்பர் 2. இந்த இரண்டு தேதிகளையும் நாள்காட்டியில் வட்டமிட்டு வையுங்கள். நெல்லை, முத்துநகர், கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் போன்ற தென்மாவட்ட ரயில்களில் பண்டிகை நாட்களுக்கான இடங்கள் வெகு விரைவில் தீர்ந்துவிடும். எனவே பயணிகளின் பெயர், வயது விவரங்களை ஐஆர்சிடிசி கணக்கில் முன்னதாகவே சேமித்து, ஆதாரையும் இணைத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆதார் சரிபார்க்கப்பட்ட கணக்குகளுக்கே முன்பதிவின் தொடக்க நேரத்தில் அனுமதி என்ற விதி 2025 அக்டோபரில் வந்துவிட்டது.

தட்கலை நம்பியிருப்பது இரண்டு வகையில் நட்டம். படுக்கை வசதிப் பெட்டியில் ஆளுக்கு 100 முதல் 200 ரூபாய் வரை கூடுதலாகக் கொடுக்க வேண்டும். உறுதியான சீட்டை ரத்து செய்தால் பணமும் திரும்பாது. கிடைக்காமல் போனால் தனியார் பேருந்துகளின் பண்டிகைக் கட்டணம்தான் மிச்சம், அது நான்கு பேர் கொண்ட குடும்பத்தின் கேக்கையும் துணியையும் விழுங்கிவிடும்.

படி 4: தீபாவளித் தள்ளுபடியில் துணி எடுங்கள்

கோ-ஆப்டெக்ஸில் தீபாவளியை ஒட்டி 30 சதவீதச் சிறப்புத் தள்ளுபடி இருக்கும். தீபாவளி முடிந்த அடுத்த வாரத்தில் கடைகளில் கூட்டமும் குறைந்திருக்கும், நின்று நிதானமாகப் பார்த்து எடுக்கலாம். தைக்கக் கொடுப்பதை நவம்பருக்குள் முடித்துவிடுங்கள். கிறிஸ்மஸுக்கு ஒன்று, புத்தாண்டுக்கு ஒன்று என்று இரண்டு உடை எடுக்கும் வழக்கமுள்ள வீடுகளில், வளரும் பிள்ளைகளுக்கு இரண்டாவதைப் பள்ளிக்கும் வெளியிடங்களுக்கும் பயன்படுகிற சாதாரண உடையாக எடுத்தால் அது வீணாகாது.

படி 5: கேக்கும் பலகாரமும்

முதலில் பழங்களை ஊறவையுங்கள். 300 கிராம் அளவுக்கு உலர்திராட்சை, பேரீச்சை, டூட்டி ஃப்ரூட்டி ஆகியவற்றைப் பொடியாக நறுக்கி, ரம் ஊற்றுவதானால் அக்டோபர் கடைசியிலேயே கண்ணாடிப் புட்டியில் மூடி வைத்துவிடலாம். மது சேர்க்காத வீடுகளில் ஆரஞ்சுச் சாற்றில் ஊறவைக்கலாம்; அதைக் குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு மூன்று நாள் மட்டுமே வைக்க வேண்டும். மைதா, வெண்ணெய், பொடித்த சர்க்கரை ஒவ்வொன்றும் 250 கிராம், முட்டை ஐந்து, பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, பட்டை, கிராம்பு, ஜாதிக்காய்த் தூள் சிறிது, கருக்கிய சர்க்கரைப் பாகு அரைக் கிண்ணம் ஆகியவற்றோடு ஊறிய பழத்தைக் கலந்து, இரண்டு அச்சுகளில் ஊற்றி, 160 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் வேகவைத்தால், மொத்தம் ஏறத்தாழ ஒன்றேகால் கிலோ கேக் கிடைக்கும். நடுவில் குத்திய குச்சி ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது என்று பொருள். பழ கேக் நாள்பட நாள்பட ருசி கூடும் என்பதால், ரம்மில் ஊறிய பழம் போட்டதை டிசம்பர் முதல் வாரத்திலேயே செய்துவிடலாம்.

ஓவன் இல்லாதவர்கள் குக்கரின் அடியில் உப்பு பரப்பி, அதன்மேல் ஒரு தாங்கி வைத்து, கேஸ்கட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு மூடி, சிறு தீயில் வேகவைக்கலாம். இந்த இரண்டு கேக்குக்காக மட்டும் புதிதாக ஓவன் வாங்குவதில் சேமிப்பு எதுவும் இல்லை. கடையில் வாங்குவதே மலிவு. அதேபோல, பொருட்களின் ரசீதைக் கூட்டி, கிடைத்த எடையால் வகுத்து, உங்கள் ஊர் பேக்கரி விலையோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். வெண்ணெயின் விலைதான் இதில் தீர்மானிக்கும்.

அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுக்க எல்லோருக்கும் கேக் தேவையில்லை என்பது என் கருத்து. முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் தெற்கத்திக் கிறிஸ்மஸின் உண்மையான பலகாரங்கள். முந்திரிக்கொத்தின் பெயரில் முந்திரி இருந்தாலும் அதில் முந்திரிப்பருப்பு சேராது. வறுத்துப் பொடித்த பாசிப்பயறு, தேங்காய்த் துருவல், எள், ஏலக்காய், கருப்பட்டிப் பாகு ஆகியவற்றை உருட்டி, அரிசிமாவுக் கரைசலில் தோய்த்துப் பொரிப்பதுதான். தேங்காயை நன்றாக வறுத்துச் சேர்த்தால் பல நாள் கெடாது. இரண்டு மூன்று வீட்டார் ஒரே நாளில் ஒரே சட்டியில் பொரித்துப் பங்கிட்டுக்கொண்டால் எண்ணெயும் எரிவாயுவும் மிச்சமாகும். அம்மாவின் தெருவில் இப்போதும் அப்படித்தான் நடக்கிறது.

படி 6: நட்சத்திரமும் குடிலும்

காகித நட்சத்திரத்துக்குள் 60 வாட் குண்டு பல்பைப் போட்டு, மாலை 6 முதல் காலை 6 வரை டிசம்பர் முழுவதும் எரியவிட்டால் 22 யூனிட்டுக்கு மேல் ஆகும். 9 வாட் எல்இடி பல்புக்கு மூன்றரை யூனிட்டுக்கும் குறைவு. சூட்டில் காகிதம் பற்றிக்கொள்ளும் ஆபத்தும் குறைகிறது. தமிழ்நாட்டு வீட்டு இணைப்புகளில் இரு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண வரிசையே மாறி, முந்தைய யூனிட்டுகளுக்கும் சேர்த்துக் கூடுதலாகக் கட்ட நேரிடும் என்பதால், எல்லையை ஒட்டி இருக்கும் வீடுகள் டிசம்பரில் மீட்டரைப் பார்த்துக்கொள்வது நல்லது.

குடிலுக்குக் கடைப் புல்விரிப்பு வேண்டியதில்லை. டிசம்பர் 12 வாக்கில் ஒரு தட்டில் மண் பரப்பிக் கேழ்வரகைத் தூவி, தினமும் தண்ணீர் தெளித்து வந்தால், 24ஆம் தேதிக்குள் பசும்புல் தயாராகிவிடும். பிள்ளைகளிடம் இந்த வேலையை விட்டுவிடுங்கள்.

படி 7: பரிசும் விருந்தும்

பெரிய குடும்பமானால், எல்லோரும் எல்லோருக்கும் வாங்குவதற்குப் பதிலாக, டிசம்பர் தொடக்கத்தில் பெயர்ச்சீட்டு எடுத்து, ஆளுக்கு ஒருவருக்கு மட்டும் பரிசு என்று பேசி முடிவு செய்யலாம். கிறிஸ்மஸ் ஃப்ரெண்ட் என்று கல்லூரிகளிலும் ஆலயங்களிலும் பழக்கமான முறைதான் இது. தொகைக்கு ஓர் உச்சவரம்பும் வைத்துக்கொள்ளுங்கள். பிரியாணிக்கான அரிசி, மசாலாப் பொருட்களை நவம்பர் மாத மளிகையோடு வாங்குங்கள். கறிக்கு வழக்கமான கடையில் ஒரு வாரம் முன்பே சொல்லிவைத்தால் 25ஆம் தேதி காலையில், கேட்ட விலைக்கு வாங்க வேண்டிய கட்டாயம் வராது.

படி 8: டிசம்பர் 26க்குப் பிறகு

விற்காமல் நின்ற நட்சத்திரம், சீரியல் விளக்கு, ஜரிகைத் தோரணங்களைக் கடைக்காரர்கள் விலை குறைத்துக் கொடுக்கும் நாட்கள் இவை. அடுத்த ஆண்டுக்கு வேண்டியதை மட்டும் இப்போது வாங்கிக்கொள்ளுங்கள். சீரியல் விளக்கை அட்டையில் சுற்றி, நட்சத்திரத்தை மடித்து, இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று மேலே எழுதிவிடுங்கள். எங்கள் வீட்டில் மூன்று சீரியல் விளக்குகள் இருந்தும், எங்கே வைத்தோம் என்று தெரியாமல் நான்காவதை வாங்கியிருக்கிறோம். நோட்டில் இந்த ஆண்டின் மூன்று பத்திகளையும் நிரப்பி, வந்த மொத்தத்தை ஒன்பதால் வகுத்து, ஜனவரிச் சம்பளம் வந்த அன்றே அடுத்த தொடர் வைப்புக் கணக்கைத் தொடங்குங்கள்.