பழைய எம்பி3 பிளேயருக்கு ராக்பாக்ஸ்: எதற்காக, எப்படி

பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் வாங்கிய எம்பி3 பிளேயர் ஒன்று உங்கள் வீட்டு அலமாரியில் இருந்தால், அதைச் சார்ஜ் செய்து இயக்கிப் பாருங்கள். ஒலியை உருவாக்கும் சில்லும், இயர்போன் துளையும், பொத்தான்களும் பெரும்பாலும் நல்ல நிலையிலேயே இருக்கும். அவற்றை ஆளும் மென்பொருள் மட்டும் தயாரிப்பாளர் கைவிட்ட நாளோடு உறைந்து நின்றிருக்கும். ஐபாட் கிளாசிக்கை ஆப்பிள் 2014-இல் நிறுத்தியது. ஐபாட் வரிசையில் எஞ்சியிருந்த ஐபாட் டச்சையும் 2022-இல் நிறுத்திவிட்டது. சாதனத்துக்குள்ளேயே இருந்து அதை இயக்கும் இத்தகைய மென்பொருளை ஃபர்ம்வேர் என்கிறோம். அதற்குப் பதிலாகத் திறந்த மூல ஃபர்ம்வேர் ஒன்றைப் பொருத்திக்கொள்ள முடியும் என்பதும், அவற்றுள் நெடுங்காலம் நிலைத்து நிற்பது ராக்பாக்ஸ் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

இந்த வேலையில் இறங்குவோர் முதலில் செய்ய வேண்டியது, எதற்காக மாற்றுகிறோம் என்பதை ஒரு வரியில் எழுதிக்கொள்வது. எந்தப் பிளேயரைத் தேர்ந்தெடுப்பது, நிறுவிய பின் நூற்றுக்கணக்கான அமைப்புகளில் எவற்றைத் தொடுவது, எவற்றை அப்படியே விடுவது என்பனவெல்லாம் அந்த ஒரு வரியைப் பொறுத்தவை. காரணம் இல்லாமல் நிறுவுவோர் இரண்டு நாள் திரைத் தோற்றங்களை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுப் பிளேயரை மீண்டும் அலமாரியில் வைத்துவிடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

ராக்பாக்ஸ் பிறந்ததும் ஒரு குறையிலிருந்துதான். 2001-ஆம் ஆண்டின் இறுதியில், ஆர்கோஸ் ஜூக்பாக்ஸ் என்ற வன்தட்டுப் பிளேயரின் மென்பொருள் தங்களுக்குப் போதவில்லை என்று கண்ட பியோர்ன் ஸ்டென்பெர்க், லினஸ் நீல்சன் ஃபெல்ட்சிங், டேனியல் ஸ்டென்பெர்க் ஆகிய சுவீடன் நிரலாளர்கள் அதற்கு மாற்றாகத் தாங்களே ஒன்றை எழுதத் தொடங்கினார்கள். அந்தப் பிளேயர் இயங்கத் தொடங்கும்போது, வன்தட்டின் முதல் நிலையில் குறிப்பிட்ட பெயருள்ள கோப்பு ஒன்று இருந்தால் அதையே தன் மென்பொருளாக ஏற்றுக்கொள்ளும். ஆகவே ஒரு கோப்பை நகலெடுத்து வைத்தாலே புதிய ஃபர்ம்வேர் இயங்கிவிடும், அதை நீக்கினால் பழையது திரும்பிவிடும். 2002-இல் முதல் பதிப்பு வெளிவந்தது. பின்னர் ஐரிவர், ஐபாட், சான்சா, கவுவான், தோஷிபாவின் கிகாபீட் எனப் பல கருவிகளுக்கு அது பரவியது, 3.0 பதிப்பு 2008-இலும், 4.0 பதிப்பு 2025-இலும் வெளிவந்தன. ஜிபிஎல் உரிமத்தில் மூலநிரல் முழுவதும் பொதுவில் இருப்பதால், எழுதியவர்கள் விலகிச் சென்றாலும் வேறு எவரும் அதைத் தொடர முடிகிறது. இன்றும் இது முழுக்கத் தன்னார்வலர்களின் உழைப்பு.

மக்கள் இதைத் தேர்ந்தெடுக்கும் காரணங்களில் எனக்கு மிகப் பெரிதாகத் தோன்றுவது குரல் வழிப் பட்டியல்தான். பார்வையற்ற ஒருவர் சிறு திரையுள்ள பிளேயரைக் கையில் எடுத்தால், எந்தப் பட்டியலில் இருக்கிறோம், எந்தப் பாடலில் விரல் நிற்கிறது என்பதை அறிய வழியில்லாமல் பொத்தான் அழுத்தங்களை எண்ணி நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ராக்பாக்ஸில் குரல் கோப்பை நிறுவிவிட்டால், ஒவ்வொரு பட்டியல் வரியும் வாசித்துக் காட்டப்படும். கோப்புறைகளின் பெயர்களையும் பாடல் கோப்புகளின் பெயர்களையும் முன்கூட்டியே கணினியில் குரலாக மாற்றி வைத்துக்கொள்ளலாம், அல்லது எழுத்தெழுத்தாகச் சொல்ல வைக்கலாம். ஐபாட் நானோவின் நான்காம் தலைமுறை 2008-இல் பேசும் பட்டியலோடு வந்தது. அதற்கு முன்பே ராக்பாக்ஸ் நிறுவிய பழைய பிளேயர்கள் பேசிக்கொண்டிருந்தன. கண்ணில்லாதவர்களுக்கு விற்பனை எண்ணிக்கை போதாது என்று ஒதுக்கப்படக்கூடிய ஒரு வசதி, தேவையுள்ளவர்களும் அவர்களின் நண்பர்களும் மூலநிரலைத் தொட முடிந்ததால் கிடைத்தது என்பதை நான் மிகவும் மதிக்கிறேன்.

இசை பயில்வோருக்கு வேறொரு காரணம் உண்டு. ஆசிரியர் பாடிக் கொடுத்த பாடம் ஐந்து கட்டைச் சுருதியில் பதிவாகியிருக்க, மாணவி ஐந்தரைக் கட்டையில் பாடுகிறவராக இருந்தால், அந்தப் பதிவோடு சேர்ந்து பாடிப் பழகுவது தொண்டைக்குத் துன்பம். ராக்பாக்ஸின் 'பிட்ச்' திரையில் சுருதியை அரைக்கட்டை ஏற்றலாம். காலப்பிரமாணத்தை மாற்றாமலே ஏற்றலாம். விரைந்த சங்கதியைச் சுருதி கெடாமல் மெதுவாக்கிக் கேட்கலாம். ஒரு பகுதியின் தொடக்கத்தையும் முடிவையும் குறித்துவிட்டு அதை மட்டும் திரும்பத் திரும்ப ஒலிக்கவும் செய்யலாம். ஆனால் இந்தக் காலநீட்டல் வசதி முதன்மையாகப் பேச்சுக்காக அமைந்தது. பக்கவாத்தியங்கள் நிறைந்த பதிவை அதிகம் நீட்டினால் ஒலி கரகரப்பாகும். சிறு மாற்றங்களுக்கு அது நன்றாகவே பயன்படுகிறது.

மற்றக் காரணங்கள் பலரும் அறிந்தவை. ஐபாடின் சொந்த மென்பொருள் ஃபிளாக், ஓக் வோர்பிஸ், ஓபஸ் வகைக் கோப்புகளை ஒலிக்காது. ராக்பாக்ஸ் இவற்றோடு வேவ்பேக், மியூஸ்பேக், ஆப்பிளின் சொந்த இழப்பில்லா வகை ஆகியவற்றையும் ஒலிக்கும். ஐடியூன்ஸ் வழியாகப் பாடல்களை ஏற்றினால் அவை எஃப்00, எஃப்01 என்ற கோப்புறைகளில் நான்கெழுத்துப் புதிர்ப் பெயர்களோடு சிதறிக் கிடக்கும். ராக்பாக்ஸில் உங்கள் கணினியில் உள்ள கோப்புறை அமைப்பை அப்படியே இழுத்துப் போட்டு, அதே வரிசையில் உலவலாம். ஆலாபனையும் கீர்த்தனையும் தனித்தனித் துண்டுகளாகப் பிரிக்கப்பட்ட கச்சேரிக் குறுந்தகட்டை இடைவெளி விழாமல் ஒலிக்கும் திறனும், ஒலிநூலை விட்ட இடத்தில் குறித்து வைத்துத் தொடரும் திறனும் உண்டு.

இவை எதுவும் உங்கள் தேவை இல்லையென்றால் நிறுவ வேண்டாம் என்றே சொல்வேன். பழைய பிளேயரில் இல்லாத புளூடூத்தையோ இணையவழிப் பாடல் சேவையையோ ராக்பாக்ஸ் கொண்டுவந்து தராது. காப்புப் பூட்டோடு விற்கப்பட்ட பாடல் கோப்புகளை அது திறக்காது. பேட்டரி நீடிக்குமா என்பது கருவிக்குக் கருவி மாறும். சிலவற்றில் கூடும், சிலவற்றில் குறையும். தமிழ் வாசகர்கள் இன்னொன்றையும் முன்பே அறிந்திருக்க வேண்டும்: தமிழ் எழுத்துகள் உள்ள எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தாலும், மெய்யையும் உயிர்க்குறியையும் சேர்த்து வடிவமைக்கும் ஏற்பாடு அதில் இல்லாததால், கொம்பு முன்னே வர வேண்டிய இடத்தில் பின்னே நிற்கும். பாடல், கோப்புறைப் பெயர்களை ஆங்கில எழுத்தில் வைத்துக்கொள்வதே இப்போதைக்கு நடைமுறைக்கு ஏற்றது.

இனிக் கருவியைத் தேர்ந்தெடுப்பது. ராக்பாக்ஸின் தளத்தில் ஆதரவுள்ள பிளேயர்கள் நிலையானவை, நிலைபெறாதவை எனப் பிரித்துக் காட்டப்பட்டிருக்கின்றன. முதன்முறை முயல்வோர் நிலையானவற்றுக்குள்ளேயே நிற்பது நல்லது. பழைய பொருள் வாங்குகிறீர்கள் என்றால் மாதிரிப் பெயரின் கடைசிச் சொல் வரை படியுங்கள். சான்சா கிளிப், கிளிப் பிளஸ், கிளிப் சிப் ஆகியவற்றில் ராக்பாக்ஸ் இயங்கும். அதே குடும்பப் பெயரோடு பின்னர் வந்த கிளிப் ஸ்போர்ட், கிளிப் ஜாம் ஆகியவற்றில் இயங்காது, ஏனெனில் உள்ளே இருக்கும் சில்லே வேறு. நிறையப் பாடல்களை ஒரே இடத்தில் வைக்க விரும்புவோருக்கு ஐந்தாம் தலைமுறை ஐபாட் ஏற்றது. அதன் வன்தட்டைக் கழற்றிவிட்டு, அடாப்டர் வழியாக மெமரி கார்டைப் பொருத்திப் பயன்படுத்துவோர் பலர். நடக்கும்போது சட்டைப்பையில் கிடந்து பாட வேண்டும் என்றால் கிளிப் பிளஸ் போதும். விரலால் தடவி உணரத்தக்க தனித்தனிப் பொத்தான்கள் அதில் இருப்பதால், குரல் வழிப் பயன்பாட்டுக்கும் அதையே பரிந்துரைக்கிறேன்.

நிறுவும் முன் பிளேயரில் உள்ள பாடல்களைக் கணினிக்கு நகலெடுத்து, பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்யுங்கள். கிளிப் பிளஸ்ஸாக இருந்தால், அதன் சொந்த அமைப்புகளுக்குள் சென்று யுஎஸ்பி முறையை எம்டிபி-யிலிருந்து எம்எஸ்சி-க்கு மாற்ற வேண்டும். அப்போதுதான் கணினி அதை ஒரு பென் டிரைவைப் போலக் காணும். ஐபாட் மேக் கணினியில் அமைக்கப்பட்டதாக இருந்தால், அதன் வட்டு வேறு வடிவத்தில் இருக்கும். விண்டோஸ் கணினியில் ஐடியூன்ஸ் கொண்டு ஒருமுறை ரீஸ்டோர் செய்தால் ராக்பாக்ஸுக்குத் தேவையான ஃபேட்32 வடிவத்துக்கு வந்துவிடும். புதிதாக வாங்கும் 64 ஜிபி, 128 ஜிபி மெமரி கார்டுகள் எக்ஸ்ஃபேட் வடிவத்தில் வருவதால், அவற்றையும் ஃபேட்32-க்கு ஃபார்மட் செய்தாக வேண்டும். விண்டோஸின் வழக்கமான ஃபார்மட் சாளரம் 32 ஜிபிக்கு மேல் அந்த வடிவத்தைக் காட்டாது என்பதால் அதற்கென உள்ள தனி மென்பொருளைப் பயன்படுத்துங்கள். "கார்டு ஏறவில்லை" என்று என்னிடம் வந்த பிளேயர்களில் பெரும்பாலானவற்றுக்கு இதுவே காரணமாக இருந்தது.

நிறுவும் வேலை சிறியது. ராக்பாக்ஸ் யுட்டிலிட்டி என்ற மென்பொருளை அதன் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து இறக்குங்கள். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றுக்கும் அது கிடைக்கிறது. ஐபாடுக்கு நிறுவும்போது விண்டோஸில் நிர்வாகி உரிமையோடு திறக்க வேண்டும். பிளேயரை இணைத்து, தானாகக் கண்டறியும் பொத்தானை அழுத்தி, அது சொல்லும் மாதிரிப் பெயர் உங்கள் கையில் இருப்பதோடு ஒத்திருக்கிறதா என்று சரிபார்த்த பிறகு, பூட்லோடர் (பிளேயர் இயங்கத் தொடங்கும்போது ராக்பாக்ஸை ஏற்றிவிடும் சிறு மென்பொருள்), ராக்பாக்ஸ், எழுத்துருக்கள் ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்து நிறுவுங்கள். தோற்றங்களை இப்போது விட்டுவிடலாம். சான்சா பிளேயர்களில், தயாரிப்பாளரின் ஃபர்ம்வேர் கோப்புக்குள்ளேயே பூட்லோடர் சேர்க்கப்பட்டுப் பிளேயரில் வைக்கப்படும். கணினியிலிருந்து முறையாக வெளியேற்றிக் கம்பியைக் கழற்றியதும், வழக்கமான புதுப்பிப்பு நடப்பதுபோலத் திரையில் காட்டிவிட்டு அது தானாக முடியும். அந்த ஒரு நிமிடம் பொத்தான் எதையும் தொடாதீர்கள்.

பழைய மென்பொருள் அழிந்துவிடுமோ என்ற அச்சம் தேவையில்லை. கிளிப் பிளஸ்ஸில் இடப்பக்கப் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி இயக்கினாலும், ஐபாடில் ஹோல்டு பொத்தானைத் தள்ளி வைத்தபடி இயக்கினாலும் தயாரிப்பாளரின் மென்பொருளே திறக்கும். ஒரே பிளேயரில் இரண்டும் வாழ்கின்றன.

இனி, முதலில் எழுதி வைத்த அந்த ஒரு வரியை எடுத்துக்கொள்ளுங்கள். குரல் வழிப் பட்டியல் வேண்டியவர்கள், யுட்டிலிட்டியிலேயே குரல் கோப்பையும் கோப்புறைகளுக்கான பேச்சுத் துணுக்குகளையும் நிறுவிவிட்டு, பிளேயரில் 'வாய்ஸ்' பகுதியில் அவற்றை இயக்கலாம். புதிய பாடல்கள் சேர்க்கும்போதெல்லாம் துணுக்குகளை மீண்டும் உருவாக்க வேண்டும். சுருதி மாற்ற விரும்புவோர் 'சவுண்ட் செட்டிங்ஸ்' பகுதியில் 'டைம்ஸ்ட்ரெச்' என்பதை இயக்கி, பிளேயரை ஒருமுறை அணைத்து இயக்கிய பிறகே 'பிட்ச்' திரையில் அந்த வசதியைக் காண்பார்கள். இந்த மறுதொடக்கத்தை மறந்துவிட்டு வசதியே இல்லை என்று முடிவு செய்துவிடுகிறவர்கள் உண்டு. ஒலிநூல் கேட்போர் 'புக்மார்க்கிங்' பகுதியில், நிறுத்தும்போது குறித்து வைக்கச் சொல்லிவிட்டால் போதும். பாடகர், தொகுப்பு என்று தேடி உலவ விரும்புவோர் 'டேட்டாபேஸ்' பகுதியில் 'இனிஷியலைஸ் நவ்' என்பதை ஒருமுறை அழுத்தினால், பிளேயர் எல்லாக் கோப்புகளையும் படித்துப் பட்டியல் தயாரிக்கும்.

ஒலியைத் திருத்துவதில் மட்டும் பொறுமை வேண்டும். ஈக்வலைசரில் ஏதாவது ஓர் அலைவரிசையை ஐந்து டெசிபெல் உயர்த்தினால், அங்கேயே உள்ள, மொத்த ஒலியளவை முன்கூட்டியே குறைக்கும் 'பிரீகட்' அளவையும் அதற்கு ஈடாக வையுங்கள். இல்லையென்றால் உரத்த இடங்களில் ஒலி வெட்டுப்பட்டுக் கரகரக்கும். ஒரு வாத்தியம் இடது காதிலும் குரல் வலது காதிலுமாக முற்றிலும் பிரித்துப் பதிவான பழைய ஸ்டீரியோப் பாடல்களை இயர்போனில் நெடுநேரம் கேட்டால் தலை கனக்கும். 'கிராஸ்ஃபீட்' அந்தப் பிரிவைச் சற்றே கலந்து ஒலிபெருக்கியில் கேட்பதற்கு நெருங்கச் செய்கிறது. பாட்டுக்குப் பாட்டு ஒலியளவு ஏறி இறங்குவது தொல்லையாக இருந்தால் 'ரீப்ளேகெய்ன்' உதவும். ஆனால் அதற்கான குறிப்புகளைக் கணினியில் முன்பே கோப்புகளில் எழுதி வைத்திருக்க வேண்டும், பிளேயர் தானாகக் கணக்கிடாது.

பிளேயர் எப்போதாவது அசையாமல் நின்றுவிட்டால் பதற வேண்டாம். கிளிப் பிளஸ்ஸின் இயக்கப் பொத்தானைச் சுமார் இருபது வினாடிகள் அழுத்திப் பிடித்தால் அணைந்துவிடும். ஐபாடில் மெனுவையும் நடுப் பொத்தானையும் சேர்த்துப் பிடித்து மறுதொடக்கம் செய்து, உடனே நடுப் பொத்தானையும் பிளே பொத்தானையும் பிடித்தால் வட்டு முறைக்குச் செல்லும். அங்கிருந்து கோப்புகளைச் சரிசெய்யலாம், ஐடியூன்ஸ் மூலம் முழுவதுமாக ரீஸ்டோரும் செய்யலாம். ராக்பாக்ஸ் பிடிக்கவில்லை என்றால், யுட்டிலிட்டியைக் கொண்டு ஐபாடிலிருந்து பூட்லோடரையும் கோப்புகளையும் அகற்றிவிடலாம். கிளிப் பிளஸ் போன்ற சான்சா பிளேயர்களில் பூட்லோடரை நீக்க, தயாரிப்பாளரின் மாற்றப்படாத ஃபர்ம்வேர் கோப்பைக் கொண்டு வழக்கமான புதுப்பிப்பைச் செய்ய வேண்டும்.

புதிய பதிப்பு வரும்போது பெரும்பாலும் பூட்லோடரைத் தொட வேண்டியதில்லை. ராக்பாக்ஸை மட்டும் மேலே நிறுவினால் போதும். அதற்கு முன் 'மேனேஜ் செட்டிங்ஸ்' பகுதியில் உங்கள் அமைப்புகளைச் சேமித்தால், சாதாரண உரைக் கோப்பாக ஒரு பிரதி உருவாகும். அதைக் கணினியில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பிளேயருக்கு மாறும்போதும் அதே கோப்பை ஏற்றி, பெரும்பாலான அமைப்புகளைத் திரும்பப் பெறலாம்.