ஒழுங்கை விளக்கின் பற்றரியைக் காப்பாற்றிய விதம்

உப்புவெளியில் எங்கள் ஒழுங்கைச் சோலர் விளக்கின் பற்றரிப் பெட்டி கம்பத்தின் அடியில் இருந்தது. ஒரு இரவு பூட்டை உடைத்துப் பற்றரியைக் கொண்டுபோய்விட்டார்கள். ஈய அமிலப் பற்றரி, ஈயத்துக்காகவே பழைய இரும்புக் கடையில் விலைபோகும். ரியூசன் முடிந்த பிள்ளைகள் இருட்டில் வருவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

புதிதாக 12.8 வோல்ட் லிதியம் இரும்பு பொஸ்பேற் பற்றரி வாங்கினோம். பாரம் மிகக் குறைவு. அதனால் பெட்டியைப் பனலுக்குக் கீழேயே ஏற்ற முடிந்தது. ஏணி இல்லாமல் இனிக் கை எட்டாது.

பெட்டியின் நட்டுகளை வெல்டிங் பண்ணச் சிலர் சொன்னார்கள். நான் மறுத்தேன். பற்றரியை ஒருநாள் மாற்றத்தானே வேண்டும்? அதோடு வெல்டிங் சூடு கம்பத்தில் துருவைத் தடுக்கும் நாக (துத்தநாக) பூச்சை எரித்துவிடும், கடற்காற்றுக்கு அந்த இடம்தான் முதலில் துருப்பிடிக்கும். சாதாரண ஸ்பானர் பிடிக்காத, தனிச் சாவியால் மட்டும் கழற்றக்கூடிய துருப்பிடிக்காத எஃகு நட்டுகளைப் போட்டோம். சாவி சனசமூக நிலையத்தில் இருக்கிறது. பற்றரியிலும் நிலையத்தின் பெயரைப் பொறித்தோம்.

சரி, இன்னொன்று: பற்றரி வகையை மாற்றினால் பற்றரி சார்ஜ் ஆவதைக் கட்டுப்படுத்தும் சார்ஜ் கொன்ட்ரோலரையும் லிதியத்துக்கு மாற்றி அமையுங்கள். ஈய அமில அமைப்பிலேயே விட்டால் கள்ளன் வராமலே பற்றரி பழுதாகலாம்.