டீ பாய்லர் நெருப்பு மஞ்சளா எரியுதா?
சுங்கை சிப்புட் பக்கம் ஒட்டுக்கடை போட்டிருக்கவங்க, தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு கேஸ் பாய்லர்ல தண்ணி கொதிக்க வைக்கிறவங்க, மொதல்ல நெருப்போட கலரப் பாருங்க. நீலமா எரிஞ்சா சரி, மஞ்சளா எரிஞ்சு அடியில கரி அப்புச்சுன்னா காத்து சரியா சேரலன்னு அர்த்தம், கேஸ் வீணாப் போறது ஒரு பக்கம், கார்பன் மோனாக்சைடுங்கற விஷ வாயுவும் வரும், அதுக்கு வாசமே கெடையாது, அதனால அடைச்ச ரூம்ல வைக்கவே வைக்காதீங்க.

கேஸ் தோங்க (சிலிண்டர) மூடிட்டு, நல்லா ஆறுனப்புறம் பர்னரக் கழட்டி பழைய பல் பிரஷ்ஷால தேய்ங்க. காத்து போற ஓட்டைக்குள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க, அநேகமா செலந்திக் கூடுதான் இருக்கும்லா. ஜெட் ஓட்டைய, அதான் கேஸ் வெளிய வர்ற சின்ன ஓட்டைய, மட்டும் ஊசி விட்டு நோண்டாதீங்க, பெருசாச்சுன்னா கேஸ் கூடப் போயி நெருப்பு இன்னும் மோசமாயிடும்.

திரும்ப மாட்டுனதும் ட்யூப்போட ரெண்டு முனையிலயும் சவுக்காரத் தண்ணி தடவுங்க, முட்டை முட்டையா வந்தா லீக். லைட்டர் கொளுத்தி லீக் பாக்குற அண்ணன்மாருங்கள என்ன சொல்றதுன்னே தெரியல! எல்பிஜி, அதான் தோங்குல வர்ற கேஸ், காத்த விட கனம், தரையோரமாதான் தேங்கும், கேஸ் வாசம் வந்தா சுவிட்ச் எதையும் தொடாம கதவத் தொறந்து விட்டுட்டு வெளிய போங்க.