மீட்டர் விளக்கை வைத்தே வாட் கணக்கு

1000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 2000 வாட் கீசர் அரை மணியில் அதைத் தின்றுவிடும். 9 வாட் எல்.இ.டி. பல்புக்கு அதே யூனிட் 111 மணி நேரம் வரும்.

எது எவ்வளவு இழுக்கிறது என்று பார்க்க, டிஜிட்டல் மீட்டரில் மினுக்கும் சிவப்பு விளக்கே போதும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கல் என்று மீட்டர் முகப்பிலேயே அச்சிட்டிருப்பார்கள். 3200 என்று வைத்துக்கொள்வோம். மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, அயர்ன் பாக்ஸை மட்டும் போட்டு ஒரு நிமிடம் எண்ணுங்கள். 40 வந்தால் மணிக்கு 2400, அதாவது முக்கால் யூனிட். சரியாக 750 வாட். சூடேறும்போதே எண்ணிவிடுங்கள், அப்புறம் அது விட்டுவிட்டுத்தான் ஓடும்.

எல்லாவற்றையும் அணைத்த பிறகும் மினுக்கினால் செட்டாப் பாக்ஸிலிருந்து தேடத் தொடங்குங்கள்.