லாரி இடது பக்கம் திரும்பும் சத்தம்: மாட்டுவதும் கேட்பதும்

தென்னாப்பிரிக்காவில் எங்கள் டர்பன் துறைமுகப் பக்கம், பேஹெட் ரோட்டில் கண்டெய்னர் ஏற்றிய லாரிகள் வரிசை கட்டி சவுத் கோஸ்ட் ரோட்டுக்கு வரும் நேரத்தில் நீங்கள் சைக்கிளில் இருந்திருந்தால், நான் எதைப் பற்றி எழுதப்போகிறேன் என்று சொல்லவே வேண்டாம்: லாரி இடது திரும்பும்போது பக்கத்தில் இருப்பவனை எச்சரிக்கும் சத்தக் கருவி. மெர்பேங்கில் வீடு, ஜேக்கப்ஸில் வேலை, நடுவில் சைக்கிள். வேலை என்னவென்றால் லாரிகளுக்கு வயரிங் பார்ப்பது. காலையில் எந்த லாரிக்குப் பயந்து ஓரமாக ஒதுங்குகிறேனோ, மதியம் அதே லாரிக்கு அடியில் படுத்துக் கிடப்பேன். அதனால் இரண்டு பக்கத்து நியாயமும் கொஞ்சம் தெரியும்.

முதலில் என் கதை. ஒரு ரோபாட்டில் நின்றிருந்தேன் (தமிழ்நாட்டில் இருந்து வந்த சித்தப்பா "ரோபாட்டில் திரும்பு" என்றதும் எந்திர மனிதன் எங்கே என்று தேடினார், சிக்னல்தான் சித்தப்பா). எனக்கு முன்னால் ஓர் இண்டர்லிங்க். ஒரு ஹார்ஸ் (இழுத்துப் போகும் முன்வண்டி), பின்னால் இரண்டு டிரெய்லர், நீளம் 22 மீட்டர் வரை, சுமையோடு 56 டன் வரை போகும் வண்டி. அது கொஞ்சம் வலது ஒதுங்கி நின்றது, இடது பக்கம் தாராளமாக இடம். நமக்குத்தான் வழி விட்டிருக்கிறான் என்று நினைத்து உள்ளே போனேன். பச்சை விழுந்ததும் வண்டி இன்னும் கொஞ்சம் வலது போனது. சரி, நேரே போகிறது என்று மிதித்தேன். அப்போதுதான் "பீங் பீங்" என்று ஒரு சத்தம். எதிரே இருந்த சுவரில் பட்டு எல்லாப் பக்கமும் இருந்து வருகிற மாதிரி கேட்டது, நான் ஏதோ பக்கி (சின்ன பிக்கப் வண்டி) ரிவர்ஸ் எடுக்கிறது என்று பின்னால் திரும்பிப் பார்த்தேன். திரும்ப முன்னால் பார்ப்பதற்குள் ஹார்ஸ் என் எதிரே குறுக்காக இருந்தது. சைக்கிளை விட்டுவிட்டு நடைபாதைக்குத் தாவினேன். பின்சக்கரத்து ரிம் அப்பளம். டிரைவர் இறங்கி வந்து கை நடுங்க, "உன்னைப் பார்க்கவே இல்லை" என்று நாலு தடவை சொன்னார். பொய் சொல்லவில்லை, நான் இருந்த இடம் அவருக்குத் தெரியவே தெரியாது.

அந்த லாரியில் எச்சரிக்கைச் சத்தம் இருந்தது. இருந்தும் எனக்கு உதவவில்லை. இண்டிகேட்டர் தாமதமாக விழுந்ததால் சத்தமும் தாமதமாக வந்தது. வந்த சத்தம் எந்தப் பக்கத்தில் இருந்து என்று புரியவில்லை. மூன்றாவது தப்பு என்னுடையது, அந்தச் சந்துக்குள் போயிருக்கவே கூடாது.

லாரி வைத்திருப்பவர்களுக்கு

கருவி சின்னது, வேலையும் எளிது. இடது இண்டிகேட்டர் போட்டால் வண்டியின் இடது பக்கத்தில் ஒரு ஸ்பீக்கர் கத்த வேண்டும், அவ்வளவுதான். ஆனால் இண்டிகேட்டர் வயரில் நேராகச் சொருகினால் கூத்தாகிவிடும். இண்டிகேட்டர் விட்டு விட்டு எரிவதால் பேசும் கருவியும் விட்டு விட்டுத்தான் பேசும்: "லாரி இட... லாரி இட... லாரி இட..." என்று திக்குவாய் மாதிரி. அதனால் கருவிக்கு எப்போதும் கரண்ட் வரும் வயர் தனியாக இருக்க வேண்டும், இண்டிகேட்டரில் இருந்து வருவது "இப்போது பேசு" என்று சொல்லும் வயர் மட்டும்தான். வாங்கும்போதே இதைக் கேளுங்கள். பெரிய லாரிகள் 24 வோல்ட், கார் கடையில் கிடைக்கும் 12 வோல்ட் கருவியை மாட்டிப் புகைய விட்டவர்களை எனக்குத் தெரியும். ஃபியூஸ் கட்டாயம். புது மாடல்களில் பல்பு போனால் வண்டியே கண்டுபிடித்து டாஷ்போர்டில் காட்டும், அதில் வயரைக் கடித்துச் சேர்த்தால் கம்ப்யூட்டர் குழம்பும். பாடி கட்டுகிறவர்களுக்கென்று கம்பெனி விட்டிருக்கும் கனெக்டரில் இருந்து எடுங்கள், முடியாவிட்டால் ரிலே (கரண்டால் இயங்கும் தனி சுவிட்ச்) போடுங்கள்.

அடுத்தது ஹசார்ட் விளக்கு. நம் ஊரில் வழி விட்டவனுக்கு நன்றி சொல்ல இரண்டு தடவை ஹசார்ட் போடுவோம், ஏற்றத்தில் ஊர்ந்து போகும்போதும் போடுவோம். இரண்டு இண்டிகேட்டரும் சேர்ந்து எரியும்போது கருவி வாயை மூடிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் நீங்கள் நன்றி சொல்லும்போது லாரி "நான் இடது திரும்புகிறேன்" என்று பொய் சொல்லும். நாலு தடவை பொய் சொன்னால் ஐந்தாவது தடவை யார் கேட்பார்கள்? வேகத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்: வண்டி மெதுவாகப் போகும்போது மட்டும் சத்தம் வரும்படி வைக்கலாம், என்3 நெடுஞ்சாலையில் லேன் மாறும்போதெல்லாம் கத்த வேண்டியதில்லை.

எந்தச் சத்தம்? இதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. ஒரே சுருதியில் வரும் பீப் வேண்டாம். ஒரு சத்தம் எங்கிருந்து வருகிறது என்று நாம் கண்டுபிடிப்பது, அது இரண்டு காதுக்கும் வந்து சேரும் நேரத்திலும் அளவிலும் இருக்கும் சின்ன வித்தியாசத்தை வைத்துத்தான். ஒரே சுருதி என்றால் அந்தக் கணக்கு தப்பிவிடும், கண்டெய்னர் சுவர்களுக்கு நடுவே கேட்கவே வேண்டாம். "கஷ்ஷ் கஷ்ஷ்" என்று மழை இரைச்சல் மாதிரி வரும் ஒயிட் நாய்ஸ் கருவியில் எல்லாச் சுருதியும் கலந்திருக்கும், காது சட்டென்று திசையைப் பிடிக்கும். அது தள்ளிப் போகப் போகச் சீக்கிரம் அடங்கிவிடும் என்பதால் பக்கத்து வீட்டுக்காரர் சாபமும் குறையும். பேசும் குரல் சேர்ந்தது கிடைத்தால் நல்லது, ஆனால் ஆங்கிலத்தோடு ஜூலுவிலும் பேசட்டும், இங்கே சைக்கிள் மிதிப்பவர்களில் பலருக்கு அதுதான் வீட்டு மொழி.

ஸ்பீக்கரை கேபினுக்குப் பின்னால், இடது பக்கம், முன்சக்கரத்துக்கும் டிரெய்லருக்கும் நடுவில் வெளியே பார்த்த மாதிரி மாட்டுங்கள். வாய் கொஞ்சம் கீழ் நோக்கி இருந்தால் டர்பன் மழைத் தண்ணீர் உள்ளே தேங்காது. சேஸிஸுக்கு நடுவில் ஒளித்து மாட்டினால் காசு தண்டம். சுற்றுச் சத்தத்தைக் கேட்டுத் தன் அளவை ஏற்றி இறக்கும் வகை இருக்கிறது, கொஞ்சம் விலை கூட, பரவாயில்லை. இரவில் அணைத்து வைக்க ஒரு சுவிட்ச் வையுங்கள், காலையில் மறுபடி போட வேண்டும் என்று டாஷ்போர்டில் ஒட்டியும் வையுங்கள்.

இது ஏதோ நான் கண்டுபிடித்தது இல்லை. லண்டனில் 12 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு பெர்மிட் வேண்டும், டிரைவர் சீட்டில் இருந்து நேராக எவ்வளவு தெரிகிறது என்று பார்த்து நட்சத்திரம் போடுவார்கள். 2021 மார்ச் 1 முதல் அபராதம் உண்டு, 2024 அக்டோபர் 28 முதல் மூன்று நட்சத்திரத்துக்குக் குறைந்தால் கூடுதல் கருவிகள் வேண்டும். கண்ணாடி, கேமரா, பக்கச் சென்சார் என்று போகும் அந்தப் பட்டியலில் திரும்பும் சத்தமும் ஒன்று. அங்கேயும் இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள், அதனால் நமக்கு அப்படியே பொருந்தும். மொரீஷியஸ்காரர்களுக்கும் இடதுதான். வலது பக்கம் ஓட்டும் ரீயூனியன் தீவுச் சொந்தக்காரர்கள் மட்டும் இடது என்று வரும் இடத்தில் எல்லாம் வலது என்று படித்துக்கொள்ளுங்கள்.

ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால்? இடது கதவின் மேல் இருந்து நேராகக் கீழே பார்க்கும் கண்ணாடியை முதலில் மாட்டுங்கள். அப்புறம் டிரைவரை எச்சரிக்கும் பக்கச் சென்சார், ஆனால் கம்பத்தையும் நிற்கும் காரையும் பார்த்துக் கத்தாத சென்சார். அதற்குப் பிறகுதான் வெளியே கத்தும் ஸ்பீக்கர். விற்கிறவர் வரிசையை மாற்றித்தான் சொல்வார்.

ஓட்டுகிறவர்களுக்கு

அண்ணா, சத்தம் உங்கள் இண்டிகேட்டருக்கு அடிமை. ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டே இண்டிகேட்டர் போட்டால் சத்தம் வந்து என்ன பயன். ரோபாட்டில் சிவப்புக்கு நிற்கப் போகும்போதே போடுங்கள், நிற்கும் நேரம் முழுக்க ஓடட்டும். வலது ஒதுங்கி இடம் எடுக்கிற வண்டி என்றால் ஒதுங்குவதற்கு முன்னாலேயே போட வேண்டும், ஏனென்றால் நீங்கள் வலது போவதைப் பார்த்துத்தான் என்னைப் போன்றவன் இடது சந்தில் நுழைகிறான். சத்தம் போட்டாகிவிட்டது, இனி அவன் பொறுப்பு என்று நினைக்க வேண்டாம். சத்தம் வழி உரிமை தராது. காது கேட்காதவர் ஒருவர் அங்கே இருக்கலாம், கண்ணாடியை மறுபடி பாருங்கள். காலையில் டயரைத் தட்டிப் பார்க்கும்போதே இதையும் ஒரு தடவை போட்டுக் கேளுங்கள், சேறு அடைத்த ஸ்பீக்கர் இருமத்தான் செய்யும்.

சைக்கிளில் இருப்பவர்களுக்கு

சத்தம் வரவில்லை என்றால் லாரி நேரே போகிறது என்று அர்த்தம் இல்லை. நான் தினமும் பார்க்கும் லாரிகள் பலவற்றில் ரிவர்ஸ் பீப் மட்டும்தான் இருக்கிறது, இருப்பதிலும் எத்தனை வேலை செய்கிறதோ. அதனால் காதைவிடக் கண்ணை நம்புங்கள், அதிலும் முன்சக்கரத்தை. இண்டிகேட்டர் பொய் சொல்லலாம், வண்டி வலது ஒதுங்கி ஏமாற்றலாம், ஆனால் முன்சக்கரம் இடது சாய்ந்தால் வண்டி இடதுதான் வரும்.

நிற்கும் லாரியின் இடது பக்கமாக முன்னால் ஊர்ந்து போகாதீர்கள். பின்னால் நில்லுங்கள், டிரைவர் முகம் அவர் கண்ணாடியில் உங்களுக்குத் தெரிகிற இடத்தில். ஏற்கெனவே முன்னால் இருக்கிறீர்கள் என்றால் கேபினை ஒட்டி நிற்காமல் நன்றாகத் தள்ளி முன்னே நில்லுங்கள், உயரமான கேபினுக்கு மூக்குக்குக் கீழே நிற்பவன் தெரிய மாட்டான். திரும்பும்போது டிரெய்லரின் பின்சக்கரங்கள் ஹார்ஸ் போன வழியில் போகாது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு நடைபாதை விளிம்பு வரை வரும். ஹார்ஸ் தாண்டிவிட்டது, தப்பித்தோம் என்று மூச்சு விடும் நேரம்தான் ஆபத்து. பக்கத்தில் இரும்புத் தடுப்பு இருக்கும் இடத்தில் லாரியோடு ஜோடியாக ஒருபோதும் போகாதீர்கள், தாவுவதற்கு இடம் இருக்காது.

சத்தம் வந்தால்? எங்கிருந்து என்று ஆராயாதீர்கள். மிதிப்பதை நிறுத்துங்கள், பிரேக் பிடியுங்கள், லாரி முன்னால் போகட்டும். வேகமாக மிதித்து முந்திவிடலாம் என்ற எண்ணம் வரும், அதை விழுங்கிவிடுங்கள். ஏற்கெனவே சந்தில் மாட்டிக்கொண்டால் சைக்கிளை விட்டுவிட்டு நடைபாதையில் ஏறுங்கள். ஹெட்போன் வேண்டாம், வேகமாகப் போகும்போது காற்று இரைச்சலே பாதிச் சத்தத்தைத் தின்றுவிடும். ஹெல்மெட் எப்படியும் சட்டம்.

கடைசியாக, லாரி வைத்திருக்கும் சொந்தக்காரர் யாராவது உங்களுக்கு இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை எஞ்சின் அணைத்து நிற்கும்போது டிரைவர் சீட்டில் ஏறி உட்காருங்கள். போன வருடம் நான் ஏறி உட்கார்ந்து, என் மகளை இடது கதவுக்குப் பக்கத்தில் சைக்கிளோடு நிற்கச் சொல்லிக் கையை ஆட்டச் சொன்னேன். கண்ணாடியில் காலி யார்டுதான் தெரிந்தது. எங்கே போய்விட்டாள் என்று போன் போட்டால், "இங்கேதான் நிற்கிறேன் அப்பா, எவ்வளவு நேரம் ஆட்டுவது, கை வலிக்கிறது" என்றாள்.