தொப்பூர் இறக்கத்துக்கு முன்பே நின்ற லாரி

வாங்கி நான்கு மாதம்கூட ஆகவில்லை. கிருஷ்ணகிரியில் பெங்களூரா மாங்காய் ஏற்றிக்கொண்டு சேலம் நோக்கி வந்தேன். தருமபுரி தாண்டியதும் காலடித் தகடு அதிர்ந்தது. கிளட்சை மிதித்தேன், குறையவில்லை. நியூட்ரலிலும் அதே அதிர்வு, வேகம் குறைந்தால் மட்டும் அடங்கியது. அப்படியானால் கோளாறு எஞ்சினில் இல்லை, கியர்பெட்டிக்குப் பின்னால். பாளையம் சுங்கச்சாவடி அருகே ஓரங்கட்டிவிட்டேன். தொப்பூர் மலைச்சாலை இறக்கத்தில், கியர்பெட்டியின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ஷாஃப்ட் கழன்றால் எஞ்சின் பிரேக் கிடையாது, அதாவது எஞ்சின் வண்டியை இழுத்துப் பிடிக்காது. பிரேக்குக்குக் காற்று போகும் குழாயையும் அது அறுத்துவிடலாம்.

அடியில் படுத்துப் பார்த்தால் ஷாஃப்டை நடுவில் தாங்கும் சென்டர் பேரிங்கின் ரப்பர் கிழிந்து தொங்குகிறது, இரண்டு போல்ட்டுகள் தளர்ந்திருக்கின்றன. புது வண்டியில்!

இழுவை வண்டிக்காரர் அப்படியே கட்டி இழுக்கப் பார்த்தார். "அண்ணா, ஷாஃப்டைக் கழற்றாமல் இழுக்காதீர்கள்" என்றேன். எஞ்சின் ஓடாதபோது சக்கரம் கியர்பெட்டியைச் சுழற்றும், எண்ணெய் ஏறாது, உள்ளே தேய்ந்துவிடும். கழற்றுமுன் இணைப்புகளில் சுண்ணாம்புக் கோடு போட்டோம். மாற்றிப் பூட்டினால் மறுபடியும் அதிரும்.

சர்வீஸ் நிலையத்தில் முதல் கேள்வியே, "ஓவர்லோடா?" எடைமேடைச் சீட்டை நீட்டினேன். பேச்சு மாறியது. மூன்றாம் நாள் வாரண்டியில் பேரிங், போல்ட் எல்லாம் புதிதாகப் போட்டுக் கொடுத்தார்கள். மாங்காயை அன்றே மச்சானின் வண்டிக்கு மாற்றி அனுப்பியிருந்தேன். ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி மட்டும் என் கையிலிருந்து.